பாட்டு வேளையைக் கடன் கொடுக்கலாமா?

ஆண்டு மலரில் தலைமையாசிரியருக்கென ஒதுக்கப்படும் பக்கங்களில் கட்டட நிதி, தேர்ச்சி நிலை, நன்றி நவிலல் ஆகியவை இடம்பெறுவதே வழக்கம். அவற்றையெல்லாம் துணைத் தலைமையாசிரியர் தம் அறிக்கையில் குறைவின்றி எழுதியிருக்கின்றார். ஆதலின், இவ்வாண்டு நம் மனத்தை நெடுநாளாக அரித்துக்கொண்டிருக்கும் வேறொரு பொருளைப் பற்றி எழுத விழைகின்றோம். மாணவச் செல்வங்களும், விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பொழுது சாயக் களைத்துத் திரும்பும் பெற்றோரும் சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகின்றோம்.

பரிசளிப்பு விழாவுக்குப் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்த நாள்களில் ஒரு தாயார் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகள் ஐந்தாம் ஆண்டு மாணவி; பெயர் ஈண்டு வேண்டா. நல்ல குரல்வளம் உடைய பிள்ளை. "ஐயா, இவளைப் பாட்டிலேருந்து எடுத்துடுங்க. கணக்குல மார்க்கு கொறஞ்சு போச்சு. பாட்டா நாளைக்குச் சோறு போடப் போவுது?" என்றார் அத்தாயார். நாமும் மறுசொல் கூறாமல் தலையசைத்து, அப்பிள்ளையின் பெயரை அடித்துவிட்டோம்.

அன்னையைக் குறை கூற நாம் எண்ணவில்லை. ஆலையில் இரவு வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்ப்பவர் அவர். செம்பனைத் தோட்டத்தை விட்டு வெளியேறுவதற்குப் படிப்பு ஒன்றே வழி என்று அவர் நம்புகின்றார், அந்நம்பிக்கை தவறன்று. தவறு வேறிடத்தில் இருந்தது. அவ்வகுப்பின் இசைப் பாடவேளை மூன்று திங்களாகவே கணக்குக்குக் கடனாகப் போயிருந்தது. கடன் வாங்கியவர் யார் என்றால், அவ்வகுப்புக்குக் கணக்குப் போதிக்கும் நாமேதான். வாங்கிய கடனை நாம் திருப்பித் தரவுமில்லை.

மறுநாள் காலை அப்பிள்ளையின் பாட்டி வந்தார். பல்லாண்டு பால் வெட்டிப் பின்னர் ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். நாற்காலியில் அமரச் சொன்னோம், அமரவில்லை. "வாத்தியாரையா, சின்ன வயசுல நானும் நல்லாத்தான் பாடுவேன். பொம்பளப் புள்ளக்கி என்னா பாட்டுன்னு எங்கப்பா வாயப் பொத்திட்டாரு. இவளாச்சும் பாடட்டுமே," என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். அவருக்குச் சொல்ல நம்மிடம் விடை இல்லை.

அவர் போன பின்பு நம் நினைவுக்கு வந்தவர் இசைப் பேரறிஞர் டி. கே. பட்டம்மாள். அவ்வம்மையாரின் வாழ்வை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமாகும். அவரை மேடைப் பாடகி என்று மட்டுமே பலர் அறிவர். இல்லத்தில் இருந்துகொண்டு தம்பிக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் பாடம் சொன்ன ஆசிரியை அவர் என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

பட்டம்மாள் 1919-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணசாமி தீட்சிதர். காஞ்சிக்கு அருகிலுள்ள தாமல் என்பது குடும்பத்தின் ஊர். 'டி. கே.' என்னும் முன்னெழுத்துகளில் ஊரும் தந்தையும் அடங்கியிருப்பதை மாணவர்கள் கவனிக்க. குழந்தைக்கு வைத்த பெயர் அலமேலு. செல்லமாக அழைத்த 'பட்டா' என்பதே வளர்ந்து பட்டம்மாள் ஆயிற்று.

அவருடைய தாயார் காந்திமதி அம்மையாரும் நன்கு பாடக்கூடியவர். ஆனால் அக்குடும்பம் ஆசாரம் மிகுந்த பிராமணக் குடும்பம். அந்நாளில் அத்தகைய குடும்பத்துப் பெண்கள் மேடையேறிப் பாடுவது இழிவாக எண்ணப்பட்டது. காந்திமதி அம்மையார் மேடையில் மட்டுமன்று, உறவினர் கூடியிருக்கும் இடத்திலும் பாட இயலவில்லை. கற்ற இசை முழுவதும் அவருடைய தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆயாக்கொட்டகைப் பாட்டி நம் அலுவலக வாயிலில் நின்று சொன்னதும் இதுவேயன்றோ? காஞ்சிபுரத்து அக்கிரகாரத்துக்கும் நம் தோட்டத்து லயத்துக்கும் சாதியாலும் செல்வத்தாலும் நெடுந்தொலைவு உண்டு. பெண்ணின் வாயைப் பொத்துவதில் மட்டும் இரண்டும் அண்டை வீடுகளாக இருந்திருக்கின்றன.

தந்தையார் தம் மகளுக்குச் சிறு வயதிலேயே துதிப்பாடல்களைக் கற்பித்தார். முறையான குருகுல வாசம் அக்குழந்தைக்கு வாய்க்கவில்லை. காஞ்சியில் அந்நாளில் நாயனாப் பிள்ளை என்னும் பெரும் பாடகர் வாழ்ந்தார். தாளக் கணக்கில் சூரர் எனப் பெயர் பெற்றவர். அவரையும் பிற வித்துவான்களையும் கேட்கச் சிறுமியை அழைத்துச் செல்வர். ஒலிப்பதிவுக் கருவி ஏது அப்போது? கேட்டதை மனத்தில் ஏந்திக்கொண்டு வீடு வந்து, உடன்பிறந்தோர் துணையுடன் பாட்டையும் இராகத்தின் முக்கியப் பிடிகளையும் ஏட்டில் எழுதி வைப்பாராம். கைப்பேசியில் ஒரு பாடலை நூறு முறை ஓடவிட்டும் இரண்டாம் அடியை மறந்துபோகும் நம் பிள்ளைகள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். (பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? நமக்கும் அந்நோய் உண்டு.)

1929-இல், பத்து வயதில், சென்னை மாநகராட்சி வானொலியில் பட்டம்மாளின் குரல் ஒலித்தது. 1932-இல், பதின்மூன்று வயதில், சென்னை இரசிக ரஞ்சனி சபையில் முதல் மேடைக் கச்சேரி நடந்தது. பிராமணக் குலத்துப் பெண் ஒருத்தி மேடையேறிக் கச்சேரி செய்தது அதுவே முதல் என்பர். இதற்குத் தந்தையார் எளிதில் இசைந்துவிடவில்லை. பாடப் போன பெண்ணை யார் மணப்பார் என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. அவர் மனத்தை மாற்றியவர்களுள் பட்டம்மாள் பயின்ற பள்ளியின் தலைமையாசிரியையும் ஒருவர். பள்ளி நாடகத்தில் அச்சிறுமி பாடியதைக் கேட்டு, இக்குரல் வீட்டுக்குள் அடங்கலாகாது எனக் கருதியவர் அவர்.

இதனைப் படிக்குந்தோறும் நமக்கு நாணம் மேலிடுகின்றது. அந்தத் தலைமையாசிரியை ஒரு தந்தையிடம் ஒரு பெண் குழந்தைக்காக வாதாடினார். நாமோ ஒரு தாயார் கேட்டவுடன் பெயரை அடித்தோம்.

பின்னர் அம்மையார் பலரிடம் கற்றார். முத்துசாமி தீட்சிதர் மரபில் வந்த அம்பி தீட்சிதரிடமும், பிற்காலத்தில் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய டி. எல். வெங்கடராம ஐயரிடமும் தீட்சிதர் கிருதிகளைப் பயின்றார். பாபநாசம் சிவனிடம் அவர் இயற்றிய தமிழ்ப் பாடல்களைக் கற்றார். நீதிபதியே பாட்டுச் சொல்லிக் கொடுத்தார் என்பதைப் 'பாட்டா சோறு போடும்?' என வினவும் பெற்றோர் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். அவருக்குச் சோறு போட்டது சட்டம். பாட்டை அதற்காக அவர் விட்டுவிடவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். நாம் கணக்காசிரியர், ஆதலின் இப்பகுதியைச் சற்று விரிவாகக் கூறுதல் பொறுத்தருளத் தக்கது.

கருநாடக இசைக் கச்சேரியில் 'இராகம், தானம், பல்லவி' என்று ஒரு பகுதி உண்டு. பல்லவி என்பது ஒரே ஓர் அடிதான். அவ்வோர் அடியைக் கையில் தாளம் போட்டுக்கொண்டே முதலில் இயல்பான வேகத்திலும், அடுத்து இருமடங்கு வேகத்திலும், அதனின் மேலும் விரைவாகவும் பாட வேண்டும். சில வேளைகளில் பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு தாளத்தை மட்டும் விரைவாக்க வேண்டும். எத்தனை திருப்பம் செய்தாலும், தொடங்கிய இடத்தில் மயிரிழை பிசகாமல் வந்து விழ வேண்டும். இது மனக்கணக்கு அல்லாமல் வேறென்ன? இப்பெருங்கணக்கு ஆடவர்க்கே உரியது, பெண்களுக்கு வாராது என்று அக்காலத்து வித்துவான்கள் எண்ணியிருந்தனர். பட்டம்மாள் அதனை மேடையில் பாடிக் காட்டினார். 'பல்லவி பட்டம்மாள்' என்றே பெயர் பெற்றார். பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்றிருந்த மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர், அக்கொள்கையைத் தளர்த்தி முதலில் வாசித்தது இவ்வம்மையாருக்கே.

மாணவர்கள் இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. வலக்கையால் தொடையில் ஒரு தட்டு, பின்பு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை, ஆக நான்கு. அடுத்து ஒரு தட்டு, ஒரு திருப்பு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு திருப்பு. எல்லாம் சேர்ந்து எட்டு. இனி ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம் பாடுக. பின்னர் கையின் வேகத்தை மாற்றாமல் எண்ணிக்கைக்கு இரண்டு சுரம் பாடுக. அதன் பின் நான்கு. கால், அரை, ஒன்று என நாம் கரும்பலகையில் மூன்று வாரம் போராடிக் கற்பிப்பது இங்கே தொடையிலும் விரலிலும் தானே வந்து உட்காருகின்றது.

ஆறாம் ஆண்டு மாணவர்க்கு மற்றொன்று. தாய் இராகங்கள் எழுபத்திரண்டு என்பர். ஏன் எழுபத்திரண்டு? மத்திமத்தில் இரண்டு வகை. ரிஷபமும் காந்தாரமும் சேரும் சேர்க்கைகள் ஆறு. தைவதமும் நிஷாதமும் சேரும் சேர்க்கைகள் ஆறு. இரண்டை ஆறால் பெருக்கி, மீண்டும் ஆறால் பெருக்கினால் 72. பெருக்கல் வாய்பாட்டை ஏன் மனனம் செய்ய வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட அழகான விடை நம்மிடம் இல்லை. இவ்வளவும் அறிந்திருந்தும் கணக்குக்காகப் பாட்டு வேளையைப் பறித்தோமே என்பதை நினைக்கையில் சிரிப்பும் வருகின்றது.

திரைப்படத்திலும் அம்மையார் பாடினார். 1939-இல் வெளிவந்த 'தியாகபூமி'யிலும், 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்திலும் அவர் குரல் ஒலித்தது. பின்னதில் பாரதியார் பாடல்களை அவர் பாட, குமாரி கமலா ஆடினார். காதல் பாட்டுகளை ஏற்காமல், பத்தியும் நாட்டுப் பற்றும் பொருந்திய பாடல்களையே தேர்ந்து பாடினார். பாரதியாரைப் பள்ளிக்கூடம் காணாத மக்களின் செவிக்கும் கொண்டு சேர்த்தவர்களுள் அவர் முன்னிற்பவர். நம் பாட்டியாருக்குக் கையொப்பமிடத் தெரியாது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களிலும், லயத்தில் யாரோ ஒருவர் வீட்டில் அலறிக்கொண்டிருந்த வானொலியிலும் கேட்ட பாரதி பாடல்களை ஓரடி பிறழாமல் பாடுவார். பால் மரத்துக்குப் பால் மரம் நடந்துகொண்டே பாடுவாராம். நாம் பாரதியை முதலில் அறிந்தது பாடநூலில் அன்று. அவருடைய இடுப்பில் இருந்தபோது.

விருதுகள் பல வந்தன. 1970-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி, 1971-இல் பத்மபூஷண், 1998-இல் பத்மவிபூஷண். எம். எஸ். சுப்புலட்சுமி, எம். எல். வசந்தகுமாரி ஆகியோருடன் சேர்த்து இசையுலகின் பெண் மும்மூர்த்திகள் எனப் போற்றப்பட்டார். இவை கலைக்களஞ்சியங்களில் கிடைக்கும் செய்திகள், விரிக்க வேண்டுவதில்லை.

நாம் விரிக்க விரும்புவது அவர் வீட்டு வகுப்பை. முதல் மாணாக்கருள் ஒருவர் தம்பி டி. கே. ஜெயராமன். அக்காளிடம் கற்று, அக்காளோடு மேடையில் உடன் பாடி, பின்னர் தனித்து நின்று, 1990-இல் அவரும் சங்கீத கலாநிதி ஆனார். அக்காள் பெற்ற இருபது ஆண்டுக்குப் பின் தம்பி பெற்றார். அடுத்தவர் மருமகள் லலிதா சிவகுமார். மேற்சொன்ன மணி ஐயரின் மகள். மாமியாரிடம் மருமகள் பாட்டுக் கற்றார், மேடையில் உடன் அமர்ந்து பாடினார் என்பதை நம் இல்லத்தரசிகள் வியப்புடன் படிப்பார்கள் என எண்ணுகின்றோம். மூன்றாவது தலைமுறையில் பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன். இன்று உலகெங்கும் தமிழர் அறிந்த அக்குரல் பாட்டியின் மடியிலும் அன்னையின் அருகிலும் பயின்றது. பேத்தி புகழ் பெற்ற பின்பும் பாட்டி ஓய்ந்துவிடவில்லை; எண்பதைக் கடந்த வயதிலும் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்; கொள்ளுப்பேத்தியும் அவரிடம் கற்றார். 2009-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், அவர் மறைந்தார்.

இந்த வரிசையைச் சற்று நோக்குக. பாட இயலாமல் வாய் மூடியிருந்த ஒரு தாய். அவர் வயிற்றில் பிறந்து பாடிய ஒரு மகள். அம்மகளின் பேத்தி. தாயின் தொண்டையில் தங்கிவிட்டது மூன்றாம் நான்காம் தலைமுறைகளில் உலகத்தின் செவியை எட்டிற்று. நடுவில் எவரேனும் ஒருவர் 'பாட்டா சோறு போடும்?' என்று கேட்டிருந்தால் அச்சங்கிலி அன்றே அறுந்திருக்கும்.

எல்லாப் பிள்ளைகளும் பட்டம்மாள் ஆவார்கள் என்று நாம் கூறவில்லை. அப்படிக் கூறுவது பெற்றோரை ஏய்ப்பதாகும். நம் பள்ளியிலிருந்து இதுவரை பாடகர் எவரும் தோன்றியதில்லை. இனியும் தோன்றாமல் போகலாம். நாம் கேட்பது வேறு. 1983-ஆம் ஆண்டு நம் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் புதிய கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது இசையும் ஒரு பாடமாக அட்டவணையில் ஏறியது. அதற்குமுன் தமிழ்ப்பள்ளிகளில் பாட்டு என்பது ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தது. அட்டவணையில் ஏறிய பின்பும் அது நம்மைப் போன்றவர்களின் விருப்பத்தையே பொறுத்திருக்கின்றது. ஆறாம் ஆண்டுத் தேர்வு நெருங்கினால் முதலில் பலியாவது பாட்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆயினும் அதன் பேய் நம் பள்ளிகளை விட்டு அகலவில்லை. தேர்வே இல்லாத தேர்வுக்காக இன்னமும் பாட்டு வேளையைக் கடன் வாங்குகின்றோம். இது எவ்வகையிலும் நியாயமன்று என்பது நம் துணிபு. ஆசிரிய நண்பர்கள் சிலர் இதற்கு உடன்படார். அவர்களுடைய எண்ணத்தை அடுத்த மலரில் எழுதினால் மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம்.

மற்றொன்றும் நம்மை உறுத்துகின்றது. ஆயாக்கொட்டகைகள் மறைந்துவருகின்றன. தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் போயின. அங்கே தொட்டில் கட்டித் தாலாட்டுப் பாடிய முதியவர்களும் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்கள் பாடிய தாலாட்டிலும் ஒப்பாரியிலும் நடவுப் பாட்டிலும் கப்பலேறி வந்த கதையும், கங்காணி கதையும், பால் மரத்தின் கதையும் உண்டு. எழுத்தறியாத மக்கள் தம் வரலாற்றை வேறெங்கே எழுதி வைப்பார்கள்? பட்டம்மாளின் வீட்டில் பாட்டியிடம் பேத்தி கேட்டாள். நம் வீடுகளில் பாட்டி ஓர் அறையில், பேத்தி கைப்பேசியுடன் மற்றோர் அறையில். திரைப்பாட்டை நாம் வெறுப்பவர் அல்லேம். இரவில் வண்டி ஓட்டும்போது நாமும் உரக்கப் பாடுவதுண்டு. எனினும், தன் பாட்டிக்குத் தெரிந்த ஒரு பாட்டையேனும் அறியாமல் ஒரு பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்துச் செல்வது பெருங்குறை.

அடுத்து நடந்ததைச் சொல்லிவிடுகின்றோம். அத்தாயாரை மீண்டும் அழைத்துப் பேசினோம். வாங்கிய கடன் நம்முடையது என்பதை ஒப்புக்கொண்டோம். பிள்ளைக்குக் கணக்கை மாலையில் நாமே சொல்லித் தருவதாகவும், பாட்டிலிருந்து எடுக்க வேண்டா என்றும் வேண்டினோம். அவர் முழு மனத்துடன் இசைந்தார் என்று கூற மாட்டோம். "பாப்போங்கையா, அடுத்த பரீட்சையில கொறஞ்சா எடுத்துடுவேன்," என்றார். அது நியாயமான ஒப்பந்தமே.

பொருளறையில் பழைய ஆர்மோனியம் ஒன்று கிடந்தது. துருத்தி கிழிந்திருந்தது, இரண்டு கட்டைகள் ஒலிக்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்துப் பொருளாளர் பட்டணத்துக்கு எடுத்துச் சென்று செப்பனிட்டு வந்தார். ஒரு கட்டை இன்னும் ஒலிப்பதில்லை. ஐந்தாம் ஆண்டின் இசை வேளை இப்போது வெள்ளிக்கிழமை காலையில் நடைபெறுகின்றது. அதனைக் கடன் கேட்டு எவரும், நாம் உட்பட, அவ்வறைக்குள் நுழைதல் ஆகாது எனக் கதவில் எழுதி ஒட்டியிருக்கின்றோம்.

சென்ற திங்கள் ஒரு வெள்ளியன்று பேத்தியை அனுப்பிப் பாட்டியாரை வகுப்புக்கு வரவழைத்தோம். இம்முறை நாற்காலியில் அமர்ந்தார். ஆயாக்கொட்டகையில் பாடிய தாலாட்டைப் பாடச் சொன்னபோது வெகுநேரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிள்ளைகள் காத்திருந்தனர். பின்னர் மெல்லத் தொடங்கினார். இசையாசிரியை ஆர்மோனியத்தில் அவருக்குச் சுருதி தேடினார். பாட்டியாரின் குரல் நின்ற இடம் அந்த ஒலிக்காத கட்டையாகவே இருந்தது. "அது கெடக்கட்டும் டீச்சரம்மா, நீங்க சும்மா இருங்க, நான் பாடிக்கிறேன்," என்று சொல்லி, இரண்டாம் அடியிலிருந்து குரலை உயர்த்தினார்.